ஜாக்கெட் வாங்கியாயிற்று, கால்களுக்கு?

நெதர்லாந்துக்குப் படிக்க வந்து, சைக்கிளில் குளிர்காலத்தைக் கடக்கப்போகும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஆகஸ்டில் வந்து இறங்கி, செப்டம்பரில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, அக்டோபர் பாதி வரை டீ-ஷர்ட்டோடு வகுப்புக்குப் போய்வந்துவிட்டீர்கள். இப்போது நவம்பர். ஜாக்கெட் வாங்கியாகிவிட்டது. குல்லாவும் கையுறையும் மஃப்ளரும் ஊரிலிருந்து அம்மா பெட்டியில் வைத்துக் கொடுத்ததே இருக்கிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் எந்த மாற்றமும் இல்லை. சென்னையிலும் கோவையிலும் போட்ட அதே ஜீன்ஸ், அதே ட்ராக் பேண்ட், அதே காட்டன் லெக்கிங்ஸ்.

இந்தக் கடிதம் அந்தக் கால்களைப் பற்றியது. இதற்கு ஒரு கடிதமா என்று நினைக்கலாம். குளிர்காலம் தொடங்கியதும் ஐந்தோவன் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள உணவகங்களின் வாசலில் நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். முதுகில் பெரிய சதுரப் பை, கையில் போன், அடுத்த பார்சலுக்காகக் காத்து நிற்கிறார்கள். மேலே நல்ல ஜாக்கெட். கீழே, தொடையின் முன்பக்கம் முழுக்க மழையில் நனைந்து கறுத்துப்போன ஜீன்ஸ், தோலோடு ஒட்டிக்கொண்டு. பின்பக்கம் காய்ந்த நீலம், முன்பக்கம் ஈரக் கறுப்பு. நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்திருக்கும். பார்சலை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது முழங்கால் சட்டென்று மடங்காது. கையால் தொடையைத் தேய்த்துவிட்டுக் கிளம்புவார்கள். இன்னும் மூன்று மணி நேரம் அப்படியே ஓட்ட வேண்டியிருக்கும். பார்க்கிற எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஜனவரியில் சராசரி வெப்பநிலை மூன்று, நான்கு டிகிரிதான். கனடாவைப் போலவோ பின்லாந்தைப் போலவோ மைனஸ் இருபதெல்லாம் கிடையாது. அதனால் வீட்டுக்குப் பேசும்போது ‘இங்கே அவ்வளவு குளிர் இல்லைப்பா’ என்று சொல்கிறோம். ஆனால் சைக்கிள் ஓட்டுபவருக்கு மைனஸ் ஐந்து டிகிரி உலர்குளிரைவிட பிளஸ் மூன்று டிகிரி மழைதான் கொடுமை. பின்லாந்தின் ஊலு நகரத்தில் குளிர்காலம் முழுக்கப் பனிமேல் சைக்கிள் ஓட்டுகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே நடக்கும் பன்னாட்டு மாநாடு முதன்முதலில் 2013இல் அங்கேதான் கூடியது. அங்கே கால்சட்டையில் விழும் பனியைத் தட்டிவிட்டால் போய்விடும். இங்கே விழுவது தண்ணீர். துணியில் ஊறி, தோலுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வட துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் உடை ஆலோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. நமக்கு எதிரி இரண்டு: காற்று, ஈரம். வெப்பமானி காட்டும் எண் அதற்கு அப்புறம்தான்.

காற்றின் கணக்கைப் பாருங்கள். காற்றே இல்லாத நாளிலும் நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 20 கிலோமீட்டர் வேகக் காற்றைக் கால்களால் கிழித்துக்கொண்டு போகிறீர்கள். எதிர்க்காற்றும் 20 என்றால் கால்மேல் அடிப்பது 40. காற்றும் குளிரும் சேர்ந்தால் உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதை அண்டார்டிகாவில் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள், தண்ணீர் நிரப்பிய குழாய் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து கணக்கிடத் தொடங்கினார்கள். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அந்தக் கணக்கைத் திருத்தி அமைத்தன. அந்தச் சூத்திரப்படி, 0 டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று அடித்தால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 6 போல இருக்கும். 3 டிகிரியில் அதே காற்று என்றால் மைனஸ் 2. மலையே இல்லாத இந்த நாட்டில் காற்றுதான் மலை. தென்மேற்கே ஓஸ்டர்ஸ்கெல்டே புயல்தடுப்பு அணையின்மேல் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு தேசியப் போட்டி நடத்துகிறார்கள், 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரண சைக்கிள், புயல் வரும் நாளாகப் பார்த்துச் சில நாள் முன்புதான் அறிவிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நாம் காற்றை லட்சியம் செய்யாமல் உடுத்த முடியாது.

காற்று எங்கே அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தால் தொடையின் மேல்பக்கமும் முழங்காலும் கணைக்காலின் முன்பக்கமும்தான் காற்றைச் சந்திக்கின்றன. பின்தொடையும் கெண்டைக்காலும் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே நல்ல குளிர்காலக் கால்சட்டைக்கு இரண்டு முகம் இருக்கும். முன்பக்கம் காற்றுப் புகாத துணி, பின்பக்கம் மூச்சுவிடும் மெல்லிய துணி. கடையில் எடுத்துப் பார்க்கும்போது முன்பக்கத் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தெரிந்தால் அது வெறும் கதகதப்புத் துணிதான். தெரியாவிட்டால் காற்றுத் தடுப்பு இருக்கிறது. விலைச் சீட்டில் எழுதியிருக்கும் பெரிய பெரிய வார்த்தைகளைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

அடுத்தது ஈரம். நம் ஊரிலிருந்து கொண்டுவரும் துணிகளில் பெரும்பாலானவை பருத்தி. நம் வெயிலுக்குப் பருத்தியைப்போல் இன்னொன்று கிடையாது. வியர்வையை உறிஞ்சி மெதுவாகக் காயவிட்டு உடம்பைக் குளிரவைக்கிறது. அந்த நல்ல குணமே இங்கே வினையாகிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்குவதில்லை. திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த நூல் கணக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கம்பளி பருத்தியைவிட அதிகம், பதினாறு சதவீதம்வரை வாங்கும். ஆனால் ஈரம் இழைக்கு உள்ளே போய்விடுகிறது, சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே காற்று அப்படியே நிற்கிறது. நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது அந்த நிற்கும் காற்றுதான், துணி அல்ல. பருத்தி நனைந்தால் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காருகிறது. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகத் தண்ணீர் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த ஜீன்ஸ் தொடையில் ஒட்டியிருக்கும்போது உங்கள் உடம்பின் சூட்டை நேரே மழைக்குத் தாரை வார்க்கிறீர்கள். அது காய்வதற்கும் ரேடியேட்டர்மேல் ஒரு ராத்திரி போதாது.

‘டச்சுக்காரர்களும் ஜீன்ஸில்தானே போகிறார்கள்?’ என்று கேட்பீர்கள். உண்மைதான். அவர்கள் போவது பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத் தூரம். நிமிர்ந்து உட்கார்ந்து, வியர்க்காத வேகத்தில் மிதிப்பார்கள். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் மட்கார்டு இருக்கும், செயினுக்கு முழு மூடி இருக்கும். பையின் அடியில் மடித்த ரெயின் பேண்ட் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் மழை ரேடாரை ஒரு பார்வை பார்த்து, பத்து நிமிடம் பொறுத்தே கிளம்புவார்கள். நாம் அவர்களுடைய ஜீன்ஸை மட்டும் பார்த்தோம், மற்றதைப் பார்க்கவில்லை.

ஆகவே வகுப்புக்குப் போய்வர மட்டும் சைக்கிள் என்றால் தனியாகச் சைக்கிள் உடை எதுவும் வேண்டாம். உலர்ந்த நாளில் வழக்கமான பேண்டுக்கு உள்ளே மெல்லிய தெர்மல் ஒன்று போதும். அது மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். ஊரில் வாங்கிய தெர்மலின் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். பாதிக்கு மேல் பருத்தி என்று இருந்தால் அதை ராத்திரி படிக்கும்போது அறையில் போட்டுக்கொள்ளுங்கள், சைக்கிளுக்கு வேண்டாம். இன்னொன்று: உள்ளே தெர்மல், மேலே இறுக்கமான ஜீன்ஸ் என்று போட்டால் இரண்டும் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். நடுவில் காற்று நிற்க இடம் இல்லை, முழங்கால் மடக்கும்போதெல்லாம் துணி இழுக்கும். மேலே போடுவது ஒரு சுற்றுத் தளர்வாக இருக்கவேண்டும்.

மழை நாளுக்கு ரெயின் பேண்ட். என்னிடம் கேட்டால், இந்த நாட்டில் கால்களுக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும். கதகதப்பான டைட்ஸ், தெர்மல் எல்லாம் இதற்குப் பின்னால். ஏனென்றால் இது மழையையும் காற்றையும் சேர்த்தே நிறுத்துகிறது. மழையில்லாத கடுங்குளிர் நாளிலும் ஜீன்ஸுக்கு மேலே மாட்டிக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனால் எல்லா ரெயின் பேண்டும் சைக்கிளுக்கு ஆகாது. நடப்பவர்களுக்கான பேண்டின்மேல் மழை வந்து விழ மட்டுமே செய்கிறது. சைக்கிளில் நீங்கள் நனைந்த சீட்டின்மேல் முழு எடையோடு உட்கார்ந்து அழுத்துகிறீர்கள். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 2,000, 3,000 என்பதெல்லாம் தூறலுக்குச் சரி. மணிக்கணக்கில் ஓட்டுபவர் 10,000 பக்கம் பாருங்கள். தையல்களின்மேல் உள்பக்கமாக டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக உட்காரும் இடத்தில். அங்கே நாலு தையல் சந்திக்கும் மாதிரி தைத்திருந்தால் முதலில் ஒழுகுவது அங்கேதான். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமல் மாட்டலாம். மழை தொடங்கியபின் சாலையோரம் ஒற்றைக் காலில் நின்று ஷூ கழற்றுகிறவர்களின் பாடு எனக்குத் தெரியும். கால் நீளத்தை நின்றுகொண்டு பார்க்காதீர்கள், கடையிலேயே முழங்காலை மார்புவரை தூக்கிப் பாருங்கள். பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டால் தண்ணீர் வழிந்து நேராக ஷூவுக்குள் இறங்கும். பேண்டின் ஓரம் எப்போதும் ஷூவுக்கு வெளியே, மேலே விழவேண்டும். உள்ளே செருகக் கூடாது. வலது காலில் செயினுக்குள் சிக்காமல் இழுத்துக் கட்ட வெல்க்ரோ பட்டை அவசியம்.

முழு ரெயின் பேண்ட் புழுக்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு இங்கேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ரெயின்லெக்ஸ் என்று ஒரு டச்சுப் பொருள். இடுப்பில் கட்டிக்கொண்டு, தொடையின் முன்பக்கத்தை மட்டும் மூடும் இரண்டு மடல்கள். நான் மேலே சொன்ன அந்த ஈரக் கறுப்புப் பகுதியை மட்டும் அது காப்பாற்றும். குறைந்த தூரத்துக்கும் சிறு மழைக்கும் சரியான ஏற்பாடு. மட்கார்டு இல்லாத சைக்கிளில் இது பயனில்லை; தண்ணீர் கீழிருந்து வரும்.

இப்போது பகுதிநேர வேலையாக உணவு கொண்டுபோகும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உங்கள் நிலைமை மற்ற எல்லாரையும்விடக் கடினம், அது ஏன் என்று பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. நாம் மிதிக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. சாதாரண சைக்கிளில் ஒருவர் பெடலில் 75 வாட் கொடுத்தால் உடம்புக்குள் 225 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் உண்டாகிறது. அதனால்தான் வேகமாக மிதிக்கிறவர் மெல்லிய டைட்ஸோடு சமாளிக்கிறார். உங்களில் பலர் ஓட்டுவது மின்சைக்கிள். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மோட்டார் தள்ளுகிறது, நீங்கள் பெயருக்குத்தான் மிதிக்கிறீர்கள். காற்றின் அடி கூடுகிறது, உடம்பின் சூடு குறைகிறது. போதாததற்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் உணவக வாசலில் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறீர்கள். சைக்கிள் பந்தயக்காரர் போடும் உடையை உங்களுக்கு யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்போலத்தான் நீங்கள் உடுத்தவேண்டும்: உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல், அதன்மேல் உள்பக்கம் பஞ்சுபோல் நெய்த தளர்வான பேண்ட், எல்லாவற்றுக்கும் மேல் மூச்சுவிடும் ரெயின் பேண்ட். காத்திருக்கும் நேரத்தில் உட்காராதீர்கள், நடந்துகொண்டே இருங்கள். தெர்மல் நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியின் ஓரத்தில் வைத்திருங்கள்.

வார இறுதியில் சாலைச் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் கதை வேறு. உங்களுக்கு எதிரி வெளி மழையைவிட உள்வியர்வை. வீட்டு வாசலில் கதகதப்பாக இருந்தால் அரை மணியில் நனைந்துபோவீர்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிரவேண்டும். என் கணக்கு இது: பதினைந்து டிகிரிக்குக் கீழே வந்தால் முழங்காலை மூடுங்கள், பத்துக்குக் கீழே முழுக்காலையும், ஐந்துக்குக் கீழே உள்பக்கம் பஞ்சு வைத்த டைட்ஸ், பூஜ்யத்தைத் தொட்டால் முன்பக்கம் காற்றுத் தடுப்பு. இலையுதிர் காலத்தில் காலை நாலு டிகிரி, மதியம் பதினான்கு என்று இருக்கும் நாட்களுக்கு லெக் வார்மர்தான் உத்தமம். அரைக்கால் ஷார்ட்ஸோடு போட்டு, வெயில் வந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். லெக் வார்மரின் மேல்விளிம்பு ஷார்ட்ஸுக்கு உள்ளே போகவேண்டும், ஷார்ட்ஸின் ரப்பர் அதன்மேல் பிடிக்கவேண்டும். மாற்றிப் போட்டால் பாதி வழியில் முழங்காலுக்கு இறங்கிவிடும். கடுங்குளிருக்குத் தோள்பட்டை வைத்த பிப் டைட்ஸே மேல். குனிந்து ஓட்டும்போது இடுப்பின் பின்பக்கம் திறந்துகொள்வதில்லை. அந்த இடைவெளியில் புகும் காற்று முதுகைப் பிடித்துவிடும்.

முழங்காலைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தொடையில் சதை இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது. முழங்கால் சில்லுக்கும் அதன் கீழே இறங்கும் தசைநாருக்கும் மேலே வெறும் தோல்தான். அதற்குள் சூடு உண்டாக்கும் சதையும் இல்லை, வரும் இரத்தமும் குறைவு. குளிர்ந்த முழங்காலோடு ஓட்டினால் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் குளிர்ந்த தசையும் தசைநாரும் விறைத்து மெதுவாக இயங்கும் என்பதில் சந்தேகமில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது சுரீர் என்று வருவது அதனால்தான். காலில் காரமான சூட்டுக் களிம்பைத் தடவிக்கொண்டு ஓட்டுவது பந்தயக்காரர்களின் பழைய பழக்கம். தோல் எரிவதால் சூடாக இருப்பதாகத் தோன்றும். தோலுக்கு இரத்தத்தை இழுத்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடுவதற்குத்தான் அது வழி செய்யும். துணிக்கு அது மாற்று ஆகாது.

இளவயது, தாங்கிக்கொள்வேன் என்பவர்களுக்கு 1988 ஜூன் 5ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். இத்தாலியச் சுற்றுச் சைக்கிள் பந்தயம் அன்றைக்கு 2,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள காவியா கணவாயைக் கடந்தது. ஜூன் மாதத்தில் மலைமேல் பனிப்புயல். நெதர்லாந்துக்காரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு எல்லாருக்கும் முன்னால் உச்சியை அடைந்தார். ஏறும்போது உடம்பு உலைபோல் எரியும், குளிர் தெரியாது. இறங்கும்போது மிதிப்பது நிற்கிறது, காற்று பெருகுகிறது. அவரால் இறங்க முடியவில்லை. வழியில் ஒதுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, முதலில் வந்தவருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்னால்தான் எல்லையைத் தொட்டார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணி, முன்னதாகவே பனிச்சறுக்குக் கடையில் புகுந்து கையுறையும் குல்லாவும் வாங்கி வைத்திருந்தது. அவருடைய கால்களும் வெறும் கால்கள்தான். கணைக்காலின்மேல் பனிப்படலம் படிந்திருந்ததைப் பின்னாளில் விவரித்திருக்கிறார். ஆனால் மேலுடம்பைக் காத்ததால் இறங்கி முடித்து அன்று பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்தார், கடைசிவரை கழற்றவில்லை. உலகத்தின் மிக வலுவான கால்களே ஒரு மணி நேரத்தில் தோற்ற நாள் அது.

சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடும் விஷயங்களும் உண்டு. அக்காவாக நான் சொல்லிவிடுகிறேன். தம்பிகளே, மெல்லிய ட்ராக் பேண்டோடு எதிர்க்காற்றில் நெடுநேரம் போனால் தொடை இடுக்கின் முன்பக்கமும் குளிரில் பாதிக்கப்படும். பாலியஸ்டர் பேண்டில் ஓடப்போன ஒரு மருத்துவர் தனக்கு அங்கே உறைகாயம் தொடங்கியதை 1977இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழுக்குக் கடிதமாகவே எழுதினார். அவர் வெட்கப்படவில்லை, நீங்களும் வேண்டாம். முன்பக்கம் காற்றுத் தடுப்பு வைத்த உள்ளாடை கடைகளில் கிடைக்கிறது. தங்கைகளே, இறுக்கமான மெல்லிய லெக்கிங்ஸோடு குளிரில் தொடர்ந்து ஓட்டினால் தொடையின் வெளிப்பக்கத்தில் சிவந்து நீலம்பாரித்த தடிப்புகள் அரிப்போடும் எரிச்சலோடும் வரலாம். குளிர்காலத்தில் குதிரையேறும் பெண்களிடம் இதைத் தோல் மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்த்துவருகிறார்கள். காப்பில்லாத இறுக்கமான கால்சட்டையே முக்கியக் காரணம். வந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தேய்க்காதீர்கள், வீட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மெத்தை வைத்த சைக்கிள் டைட்ஸ் வாங்கினால் அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்கவேண்டும். ஈர மெத்தையோடு உட்கார்ந்து படிப்பது தொற்றுக்கு வாசல் திறப்பது. சுடிதாரோடு ஓட்டுகிறவர்கள் துப்பட்டாவைப் பையில் வைத்துவிடுங்கள்.

நிறம்: கடையில் தொங்குவது எல்லாம் கறுப்புதான். டிசம்பரில் நாலரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் ஊர் இது. கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளி திருப்பும் பட்டை இருக்கும் பேண்டாகப் பாருங்கள். இல்லாவிட்டால் தனிப் பட்டை வாங்கிக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் இருக்கும் பட்டை அசையாமல் இருக்கும், அது எதுவாகவும் இருக்கலாம். மேலும் கீழும் ஏறி இறங்கும் கணுக்கால் ஒளியைப் பார்த்ததும் ஒரு மனிதர் சைக்கிள் மிதிக்கிறார் என்பது கார் ஓட்டுகிறவருக்கு உடனே புரியும்.

செலவைப் பற்றி. உதவித்தொகையிலும் அப்பாவின் கடனிலும் படிக்கிறவர்களிடம் விலையுயர்ந்த இத்தாலியக் கம்பெனி உடையைச் சொல்ல எனக்கு மனம் வராது. டெக்கத்லானில் ரெயின் பேண்டும் டைட்ஸும் போதுமான தரத்தில் கிடைக்கின்றன. ஹெமாவில் தெர்மல். லிடில், ஆல்டி கடைகளில் இலையுதிர் காலத்தில் சில நாட்களுக்குச் சைக்கிள் உடைகளைக் குறைந்த விலையில் வைப்பார்கள். வாரச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். மார்க்ட்பிளாட்ஸில் பழையது வாங்கலாம். ஆனால் பழைய ரெயின் பேண்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பூச்சு உரிந்து பொடியாக உதிர்ந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். இழைகளின்மேல் படிந்து ஈரத்தை வெளியே விடும் குணத்தைக் கெடுத்துவிடும்.

படிப்பு முடித்து ஊர் திரும்பும், வேறு நாடு போகும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். போகும்போது சைக்கிளையும் குக்கரையும் அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அதோடு உங்கள் ரெயின் பேண்டையும் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆகஸ்டில் வந்து இறங்கும் பிள்ளைக்கு அது எதற்கு என்று அப்போது தெரியாது, நவம்பரில் தெரியும். புதிதாக வந்திருக்கும் நீங்கள், இந்த மாதச் சம்பளமோ பணமோ வந்ததும் முதல் சனிக்கிழமையே போய் ஒன்று வாங்கிவிடுங்கள். வாங்க வழியில்லாதவர் பக்கத்து அறையில் இருந்தால் என்னைப் போன்ற பழையவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் வீட்டு அலமாரிகளில் மடித்து வைத்தவை நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
ஐந்தோவனிலிருந்து உங்கள் அக்கா